சமுத்திர பாஷை

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு கன்னி மாதத்தில் கோட்டாற்றுச் சந்தைக்கு ஒரு கடல் கன்னி வந்து இறங்கினாள். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்த சமயம். பத்தாயம் நிறைந்திருந்தது, வேலை குறைந்திருந்தது. ஏமாறுவதற்கு வேண்டிய கையிருப்பும் ஓய்வும் சேர்ந்தாற்போல் கிடைப்பது இந்தச் சமயத்தில்தான். கடல் கன்னிக்கு அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாவிட்டாலும் அவளைக் கூட்டி வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் கடலிலிருந்து நீந்தி வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில், ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு வந்தாள். தெற்கே நடந்து போகிற தூரத்தில் கடல் கிடக்கிறது. கடல் கன்னி எதற்காக வடக்கே மலைப் பக்கமிருந்து வருகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், சொல்கிறவனுக்கும் வேலை மிச்சமாகியிருக்கும்.

சந்தைக்கு வெளியே அறுத்துப் போட்ட வயலில் பந்தல் எழும்பியது. தமுக்கு அடித்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘கடலில் போனவர், கடல் தாண்டிப் போனவர், போன இடத்திலிருந்து கடிதம் போடாதவர், சகலருடைய சேதியும் சொல்லும் ஜலகன்னிகை’ என்று நோட்டீஸ் சொன்னது. ‘சகல மதத்தாரும் வரலாம்’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நெல்லுக்கும் தேங்காய்க்கும் மதம் கிடையாது அல்லவா?

அப்போது நாஞ்சில் நாட்டில் வீட்டுக்கு ஒருவன் கொழும்பிலோ ரங்கூனிலோ மலாயாவிலோ இருந்தான். உலகமெங்கும் வியாபாரம் படுத்துப் போய், கடைகளிலும் தோட்டங்களிலும் ஆட்களைக் கழித்துவிட்ட காலம். வேலை போனவன் வீட்டுக்கு எழுத மாட்டான், என்னவென்று எழுதுவான்? அவன் வெட்கம் அங்கே ஊமையாகக் கிடக்க, இங்கே ஊர் ஊராகப் பெண்கள் தபால்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் போட்டவர் கடலைப் பற்றி ஒன்றும் அறிந்தவரல்ல. இந்தப் பெண்களைப் பற்றி நன்றாக அறிந்திருந்தார்.

அவர் பெயர் சமுத்திரச் சாமி. கழுத்தில் உருத்திராட்சமும் சோழியும் கலந்த மாலை, முழங்கை வரை திருநீறு. பந்தலுக்குள்ளே நூலுக்குச் சாயம் ஏற்றுகிற பெரிய மரத்தொட்டி ஒன்றை வாங்கிப் போட்டு, உப்பளத்து உப்பைக் கரைத்து நிரப்பி, அதில் கன்னியைக் கிடத்தியிருந்தார். இடுப்புக்கு மேலே பெண், மஞ்சளும் பச்சையும் பூசிய முகம், விரித்த கூந்தல். இடுப்புக்குக் கீழே செதில் செதிலாக மீன். பந்தலைச் சுற்றி எந்நேரமும் கோட்டாற்றுப் பூனைகள் அத்தனையும் வந்து உட்கார்ந்திருந்தன. வாயில்லாத பிராணிகள்கூடத் தரிசனத்துக்கு வருகின்றன என்று சாமி காட்டினார். ஜனங்கள் பூனைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

கேள்வியைச் சாமியிடம் சொல்ல வேண்டும். சாமி அதை ‘ஓ... ஈ...’ என்று கன்னியிடம் கேட்பார். கன்னி ‘ஊ... ஆ...’ என்பாள். அந்த ஊவும் ஆவும் தமிழில் ஒரு பக்க நீளத்துக்கு விரியும். எந்த ஊரில் எந்த வீதியில் எந்த நோயில் ஆள் கிடக்கிறான், என்ன காணிக்கை வைத்தால் எழுந்திருப்பான் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. அதுதான் சமுத்திர பாஷை.

இதற்கு ஒரு பண்டிதர் கிடைக்காமல் போவாரா? பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்த நாராயணபெருமாள் கிடைத்தார். அவர் தினமும் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சமுத்திர பாஷைக்கு இலக்கணம் வகுத்தார். அது முழுக்க உயிரெழுத்தால் ஆன பாஷை, அதில் மெய் ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். கன்னியாகுமரி, கன்னி மாதம், கன்னிப்பூ விளைச்சல் எல்லாமே இவள் பேரால் வந்தவை என்றார். கடைசியாக ஒரு கேள்வி போட்டார்.

“மலையாளத்தான் மத்ஸ்யகன்யகைங்கான். வெள்ளக்காரன் மெர்மெய்டுங்கான். அரபிக்காரனும் ஒரு பேரு வச்சிருக்கான். இத்தன பாஷையில பேரு இருக்கே, ஆளு இல்லாம பேரு எப்பிடிவே வரும்?”

கூட்டம் தலையாட்டியது. முயல்கொம்பு என்றும் ஆகாயத் தாமரை என்றும் நம்மிடம் பேர் இருக்கிறது. அதைச் சந்தையில் விலை கேட்டவர் உண்டா என்று திருப்பிக் கேட்க அங்கே ஆளில்லை. கடல் கன்னிக்குப் பேர் வந்த வழியில் மர்மம் ஒன்றும் கிடையாது. கடலில் ஆவுளியா என்று ஒரு பிராணி உண்டு. பசு மாதிரி கடல் புல் மேயும். மூச்சு வாங்க மேலே வந்து தலையைத் தூக்கும். மாசக் கணக்கில் பெண் முகம் பார்க்காமல் கப்பலில் கிடந்தவன் கண்ணில் அது அந்தி வெளிச்சத்தில் பட்டால் போதும், கூந்தலையும் மூக்குத்தியையும் அவனே வைத்துக்கொள்வான். கரைக்கு வந்து கதை சொல்வான். கேட்ட ஒவ்வொரு தேசமும் தன் பாஷையில் ஒரு பேர் வைத்தது. அந்தப் பேர்கள் எல்லாம் ஆண்பிள்ளைகளின் ஏக்கத்துக்கு வைத்தவை.

கடலுக்குப் போனவன் ஏக்கத்தில் ஒரு பெண்ணைச் செய்துகொண்டான். கரையில் காத்திருக்கிறவள் என்ன செய்வாள்? அவள் சமுத்திரச் சாமியின் பந்தலுக்குப் போனாள். செல்லத்தாயும் அப்படித்தான் போனாள்.

செல்லத்தாய்க்கு ஊர் ஈத்தாமொழி. புருஷன் பூதலிங்கம் கொழும்பில் சாமான் அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் வேலைக்குப் போனவன். முதலில் ஒழுங்காகக் கடிதம் வந்தது. அவன் அனுப்பிய பணத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கினாள். கள்ளிப் பெட்டியில் அவன் வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயிலில் போட்டு மறுபடி மடிப்பாள். பிறகு கடிதம் நின்றது. இரண்டு வருஷமாக ஒரு வரி இல்லை. பிள்ளையும் இல்லை.

பூதலிங்கத்தின் அண்ணன் கோலப்பனுக்குப் பக்கத்திலேயே ஒரு தோப்பு இருந்தது. தம்பி தோப்புக்கும் தன் தோப்புக்கும் நடுவில் நிற்கிற வேலி அவர் கண்ணை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வரைக்கும் வேலியில் கை வைக்க முடியாது. இல்லை என்று தெரிந்துவிட்டால், பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்குத் தோப்பு எதற்கு? அண்ணன் பார்த்துக்கொள்வார். அவளுக்குக் கஞ்சியும் ஊற்றுவார். நல்ல மனுஷன்.

கோலப்பன் முதல் நாளே தனியாகப் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வந்தார். வரிசையில் இடம் பிடிக்கப் போனதாகச் சொன்னார். மறுநாள் செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு போனார். சிதறாலிலிருந்தும் பேச்சிப்பாறையிலிருந்தும் வண்டி கட்டி வந்தவர்கள் எல்லாம் வெயிலில் நிற்க, இவர்களைச் சாமி முதலில் கூப்பிட்டார். பேரைக் கேட்டார். கன்னி ‘ஊ’ என்றாள். வழக்கத்தைவிடச் சின்ன ஊ.

பூதலிங்கம் கப்பலில் திரும்பி வரும்போது கடலில் விழுந்துவிட்டான், கன்னியின் வாசலில் கிடக்கிறான், ஆத்மா கரையேற முடியாமல் தவிக்கிறது என்று சாமி பெயர்த்துச் சொன்னார். கடலில் போனவன் கட்டிய தாலி கரையில் இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை உச்சியில் அதைக் கழற்றித் தொட்டியில் போட வேண்டும். கன்னி கொண்டுபோய் அவனிடம் சேர்ப்பாள். இதற்கு முன்பும் பல பெண்கள் அங்கே தாலியைப் போட்டிருந்தார்கள். போட்ட தாலி எதுவும் பிறகு தொட்டியில் காணப்படவில்லை என்பதே அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி.

செல்லத்தாய்க்கு அழுகைகூட வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷம் தெரியாமல் கிடந்தது இப்போது தெரிந்துவிட்டது, இனி என்ன என்று தோன்றியது. கோலப்பன் வெளியே போய், தெரிந்தவர்களிடமெல்லாம் தம்பி செத்துப் போனதைச் சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கன்னிக்கு மதிய நிவேதனம் வந்தது. சாமி சனங்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். பந்தல் காலோடு ஒண்டிக் கிடந்தவளை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வட்டிலில் கஞ்சியும் ஒரு மரச்சீனிக்கிழங்கும் தொட்டியின் விளிம்பில் வைத்தார்கள். சமுத்திரத்தின் அடியில் மரச்சீனி விளைகிறதா என்று செல்லத்தாய் யோசிக்கவில்லை. அவள் அந்த நிலையில் இல்லை. ஆனால் கண் திறந்திருந்தது, பார்த்தாள். கன்னி கிழங்கை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். தண்ணீருக்கடியில் இரண்டு கையும் ஒன்றோடொன்று சேர்ந்தன. உதடு அசைந்தது. தலை ஒரு தரம் தாழ்ந்து நிமிர்ந்தது. பிறகு அவசர அவசரமாகச் சாப்பிட்டாள்.

செல்லத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை அவள் ஒருத்தியிடம் அல்ல, நூறு பேரிடம் பார்த்திருக்கிறாள். அவளே செய்திருக்கிறாள்.

சின்ன வயதில் செல்லத்தாய் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். படிப்புக்காகப் போகவில்லை, மத்தியானம் கொடுக்கிற கஞ்சிக்காகப் போனாள். அங்கே வாத்திச்சி சத்தியபாய் பிரம்போடு நிற்பாள். கண்ணை மூட வேண்டும், கையைக் கூப்ப வேண்டும், ஜெபம் முடிந்து எல்லாரும் ‘ஆமென்’ சொல்கிற வரைக்கும் கஞ்சியில் விரல் படக்கூடாது. பட்டால் பிரம்பு படும். அத்தனை பிள்ளைகளுடைய வயிறும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். இந்து வீட்டுப் பெண்ணான செல்லத்தாய்க்கு அது வேதச்சொல்லே அல்ல. ‘இனிமேல் சாப்பிடலாம்’ என்பதற்கு அதுதான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் சோற்றில் கை வைக்கும் முன் வாய் தானாக அதைச் சொல்லி, மாமியாரிடம் வசவு வாங்கியிருக்கிறாள்.

ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்தவள் எந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்தாள்?

கேள்வி வந்ததும் செல்லத்தாய்க்கு முதலில் கோபம் வரவில்லை. பூதலிங்கம் செத்தான் என்று சொன்ன வாய் பொய்வாய் என்றால், அவன் செத்தது யாருக்குத் தெரியும் என்ற நினைப்புதான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கூட்டம் அதைச் சரியான நேரத்தில் வந்த ஒப்பாரி என்று எடுத்துக்கொண்டது.

அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், அதற்கும் சாமியிடமே மந்திரிப்பார்கள். அவள் பேசாமல் ஊருக்குத் திரும்பி, அடுத்த வீட்டு ஞானபாயிடம் போனாள்.

ஞானபாய் கிறிஸ்தவ சபை உபதேசியாரின் மனைவி. அவள் ஜெபம் ஈத்தாமொழியில் பிரசித்தம். விருந்து வீட்டில் அவளை ஜெபிக்கக் கூப்பிட்டால் குழம்பு ஆறி மேலே எண்ணெய் கட்டிவிடும். மகாராஜாவிலிருந்து கிணற்றுத் தவளை வரைக்கும் ஒருவரையும் விடமாட்டாள். செல்லத்தாய் பார்த்ததைச் சொல்லி, வெள்ளிக்கிழமை வந்து கன்னிக்கு முன்னால் ஒரு ஜெபம் பண்ண வேண்டும் என்று கேட்டாள். அது பிசாசின் காரியம், கிட்டப் போகவே மாட்டேன் என்றிருந்தவள், பிசாசைத் துரத்தத்தானே ஜெபம் என்று கேட்டதும் இளகினாள். ஆனால் செல்லத்தாய் சொன்ன நிபந்தனையைக் கேட்டதும் முகம் கோணிற்று.

“ஆமென் சொல்லாம விடவா? ஜெபத்துல தந்திரம் செய்யப்பிடாது, கேட்டியாட்டி. அது கதவத் தொறந்து போட்டுட்டு ஒறங்கப் போறது மாதிரி.”

“மைனி, அந்தத் தொட்டிக்குள்ள உங்க வேதக்கோயில் பிள்ள ஒருத்தி கெடக்கா. கதவத் தொறந்து போட்டாத்தான அவ வெளிய வருவா?”

உப்புத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடக்கிறாளா என்று ஞானபாய் கேட்டாள். ஆமாம் என்றாள் செல்லத்தாய். அப்படியானால் வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை உச்சியில் பந்தல் கொள்ளாத கூட்டம். ஒருத்தி தாலி கழற்றுவதைப் பார்க்க நம் சனங்களுக்கு இருக்கிற ஆர்வம் கல்யாணத்துக்குப் போவதில்கூட இருக்காது. கோலப்பன் வெள்ளைப் புடவை ஒன்றைக் கையோடு வாங்கி வந்திருந்தார். நாராயணபெருமாள் நாற்காலியில் இருந்தார். பூனைகள் அதனதன் இடத்தில் இருந்தன.

செல்லத்தாய் தொட்டியருகே வந்து நின்றாள். கழுத்துக்குக் கை போகவில்லை. தாலி போகும் முன்னால் கன்னிக்குத் தன் கையால் ஒருவாய் சோறு கொடுக்க வேண்டும், அடுத்த வீட்டு உபதேசியார் அம்மாள் அதற்கு இரண்டு வார்த்தை ஜெபிக்க வேண்டும் என்று கேட்டாள். சாமியின் முகம் மலர்ந்தது. சகல மதத்தாரையும் அழைத்திருந்தும் வேதக்கோயில்காரர்கள் மட்டும் இதுவரைக்கும் பந்தல் பக்கம் வரவில்லை. உபதேசியார் மனைவியே வந்து நின்று ஜெபித்தாள் என்றால் நாளைக்கு ஒரு சபையே திரண்டு வரும். சாமி கை காட்டி அனுமதித்தார்.

செல்லத்தாய் சோற்று வட்டிலை விளிம்பில் வைத்தாள். நெய் மீன் குழம்பு வாசனை எழும்பிற்று. பூனைகள் எழுந்து நின்றன. ஞானபாய் முக்காடு போட்டுக் கண்ணை மூடித் தொடங்கினாள்.

மகாராஜாவுக்காக ஜெபித்தாள். ராணிகளுக்காக ஜெபித்தாள். பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கடைமடை வரைக்கும் வர வேண்டும் என்று ஜெபித்தாள். தேங்காய் விலைக்காக ஜெபித்தாள். கொழும்பில் இருக்கிறவர்களுக்காக, ரங்கூனில் இருக்கிறவர்களுக்காக, அவர்களுக்கு ஒரு கார்டு வாங்கி எழுத நல்ல புத்தி வர வேண்டும் என்பதற்காக ஜெபித்தாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள்ளே கன்னியின் கண்கள் எப்போதோ மூடிவிட்டன. யாரும் அதைப் பார்க்கவில்லை, செல்லத்தாய் பார்த்தாள்.

“...இந்த அன்னத்தையும் இதைப் புசிக்கப் போகிறவர்களையும் ஆசீர்வதித்து, இயேசுவின் நாமத்தினாலே எங்கள் ஜெபத்தைக் கேளும், நல்ல பிதாவே.”

ஞானபாய் அதோடு வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். அவள் ஆயுசில் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான் என்று பிற்பாடு சொன்னாள்.

முடியாத ஜெபம் அந்தரத்தில் நின்றது. தொட்டித் தண்ணீரில் சின்னதாக ஒரு நெளிவு ஓடிற்று. பசித்த வயிறு ஒன்று, ஒரே ஒரு சொல்லுக்காக, சின்ன வயதிலிருந்து பழகின மாதிரியே காத்துக்கொண்டிருந்தது. அந்த வயிற்றால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“ஆமென்” என்றாள் கடல் கன்னி.

அது அடங்கும் முன்னே, ஒரு மூச்சு பின்னாலே, கனத்த ஆண் குரலில் இன்னொரு ‘ஆமென்’ எழுந்தது. சொன்னவர் உருத்திராட்சம் போட்ட சமுத்திரச் சாமி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது.

இத்துடன் எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நம் சனங்களை அறியாதவர்கள். கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. அதற்குள் நாராயணபெருமாள் எழுந்தார். ஆமென் என்பதே சமுத்திர பாஷைதான், ஆதியில் இங்கிருந்துதான் எபிரேயத்துக்குப் போயிற்று, இன்றைக்கு நிரூபணமாகிவிட்டது என்றார். சனங்கள் பெருமூச்சு விட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆமென் சொல்கிற மீன் இன்னும் பெரிய மீன் அல்லவா? சாமிக்கு உயிர் திரும்பி வந்தது. கோலப்பன் தாலியைக் கழற்றச் சொல்லி அவசரப்படுத்தினார்.

செல்லத்தாய் தொட்டிக்குள் கை நீட்டினாள். தொட்டால் கண் அவிந்து போகும் என்று சாமி கத்தினார்.

“ஒரு கண்ணு போனா ஒரு கண்ணு இருக்கும்” என்றாள் செல்லத்தாய். தண்ணீருக்குள் இருந்த கையைப் பிடித்தாள். விரல்களெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. மெதுவாகக் கேட்டாள்: “பசிக்குதாட்டி?”

கன்னி அவளைப் பார்த்தாள். சாமியைப் பார்க்கவில்லை.

“பசிக்கி அக்கா. வெள்ளம் ஒரே தணுப்பு, வெறைக்கி. காலெல்லாம் புண்ணாயிப் போச்சு.”

“எனக்க மாப்பிள பூதலிங்கத்த நீ பாத்தியா?”

“நான் யாரையும் பாக்கல்ல அக்கா. கடலையே நான் பாத்தது இல்ல. ஊன்னு சொல்லச் சொன்னாவ, சொன்னேன். அர்த்தமெல்லாம் அவிய சொல்லுகது.”

செல்லத்தாய் ஒரு கையையும் ஞானபாய் மறு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். மீன் எழுந்து நின்றது. இடுப்பிலிருந்து வால் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. ஓலை வளையத்தில் சாக்குத்துணி தைத்து, மேலே கடைத்தெருவில் பொறுக்கிய செதிலைப் பசை போட்டு ஒட்டிய வால். பூனைகளின் பக்தி அதன்மேல்தான். கடல் கன்னிக்கு இரண்டு கால் இருந்தது. இரண்டிலும் விரலிடுக்கு முழுக்கச் சேற்றுப்புண்.

அவள் பெயர் ராகேல். சாமியின் பெயர் ரசலையன், அவள் புருஷன். கலைந்து போன நாடகக் கம்பெனி ஒன்றில் படுதா இழுத்துக்கொண்டிருந்தவன். பஞ்சத்தில் தொடங்கினான், பிறகு வசதி கண்டு விட முடியாமல் போயிற்று. இதெல்லாம் பின்னால் தெரிய வந்தது. அன்றைக்கு அவனைக் கேட்க முடியவில்லை. வந்த கணவாயை நோக்கி, மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, வயல் வழியே ஓடிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுத்தான் ஓடினான்.

ஜனங்கள் பந்தலைப் பிய்த்தார்கள். காணிக்கை நெல்லையும் தேங்காயையும் கொடுத்தவர்கள் எடுத்தார்கள், கொடுக்காதவர்கள் அதைவிட அதிகம் எடுத்தார்கள். ஞானபாய் தன் முக்காட்டை அவிழ்த்து ராகேலுக்குப் போர்த்தி, வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புண்ணுக்கு எண்ணெய் போட்டாள். சாமி வந்த வண்டிப் பெட்டியில் ஒரு துணி முடிச்சு அகப்பட்டது. அத்தனையும் தாலிகள். பறிகொடுத்த பெண்கள் வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி எடுத்த தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பக் கட்டவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் வயலில் நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில் கோலப்பன் வெள்ளைப் புடவையைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார்.

“சரி அத்தான். தோப்புல தேங்கா நான்தான் வெட்டுவேன்” என்றாள் செல்லத்தாய். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, வேட்டியை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தாள். மறுநாள் தபாலாபீசில் கார்டு வாங்கிக் கிட்டங்கி முதலாளிக்கு எழுதிப் போட்டாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானபாய் வீட்டு வாசலில் வண்டிகள் வந்து நின்றன. மீனைப் பேச வைத்த ஜெபம் அல்லவா? மஞ்சள் காமாலைக்காரனையும் ஊமைப் பிள்ளையையும் கொண்டு வந்திருந்தார்கள். பேசியது மீன் இல்லை, பட்டினி கிடந்த பெண் என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று வந்தவர்கள் வியந்தார்கள். கோட்டாற்றில் வந்தது போலி, அசல் கன்னி குளச்சல் பக்கம் ஒதுங்கியிருக்கிறாள் என்று நாராயணபெருமாள் சொல்லத் தொடங்கியிருந்தார்.

செல்லத்தாயிடமும் வந்தார்கள். கன்னியைத் தொட்டவளுக்குக் கட்டாயம் ஏதாவது இறங்கியிருக்கும் என்பது கணக்கு. தன் மகன் ரங்கூனில் உயிரோடிருக்கிறானா என்று ஒரு பெரியவர் அவள் முன்னால் கைகூப்பி நின்றார். அவள் பதறிப் போய் அவர் கையைப் பிரித்துவிட்டாள்.

“தெரியாது பாட்டா” என்றாள். “ஒரு கார்டு வாங்கிட்டு வாரும், நான் எழுதித் தாறேன்.”

“அப்போ உனக்க மாப்பிள? அவன் இருக்கானா?”

செல்லத்தாய் தாலிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கார்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

“தெரியாது” என்றாள்.

பெரியவர் ஏமாந்த முகத்தோடு வண்டியேறிக் குளச்சலுக்கு விடச் சொன்னார். அவர் மேல் என்ன குற்றம்? கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த சமுத்திர பாஷையில் ஒரே ஒரு சொல்தான் இல்லாமல் இருந்தது. அந்தச் சொல்லை இப்போதுதான் அவர் முதல் தடவையாகக் கேட்கிறார். நம் தமிழில் அது இருக்கிறது, பச்சைப் பிள்ளைக்கும் வாயில் வரும். அதைச் சொல்லவும் கேட்கவும் உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், உங்கள் ஊருக்கும் ஒரு தொட்டி வரும். கழுத்தில் இருப்பதைக் கழற்றி ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.